அல்சைமரும் புராஸ்டேட் புற்றுநோயும் ஒரே பட்டியலில்: மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைகளைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். மாணவர்களைவிட நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. ஒரு துண்டுச் சீட்டில் ஒரு டாக்டரின் பெயரையோ ஆய்வாளரின் பெயரையோ எழுதிக்கொண்டு வருவார்கள். "இவர் நிறைய எழுதியிருக்கிறாராம், நம்பலாமா?" என்பார்கள். அந்தக் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த அளவில் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் அல்சைமர், புராஸ்டேட் புற்றுநோய் ஆகிய இரண்டிலிருந்தே. வயதான ஆண்கள் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு பெயர்களும்தான் அடிக்கடி அடிபடுகின்றன.

ஒரே ஆய்வாளர் பெயரில் அல்சைமரும் வருகிறது, புராஸ்டேட் புற்றுநோயும் வருகிறது. ஒன்று மூளை, இன்னொன்று அடிவயிறு. ஒருவரே எப்படி இரண்டிலும் நிபுணராக இருக்க முடியும்? பட்டியலில் ஏதோ தப்பா?

தப்பாகவும் இருக்கலாம். ஒரே பெயருள்ள இரண்டு பேரின் கட்டுரைகள் கலந்திருக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் தப்பே இல்லாமலும் இப்படி வரும்.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிரிஸ்சியோ இதற்கு நல்ல உதாரணம். அவர் புள்ளியியலாளர், முதுமை ஆய்வு மையம் ஒன்றில் மறதி நோய் பற்றிய தரவுகளை ஆராய்ந்தவர். 678 கன்னியாஸ்திரிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வின் தரவுகளிலும் அவர் வேலை செய்திருக்கிறார். அவருடைய பட்டியலில், புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கிய ஒரு பெரிய சோதனையின் பெயரும் வரும். காரணம், அந்தச் சோதனையில் சேர்ந்திருந்த ஆண்களையே வைத்துத்தான் அவர் குழு அல்சைமர் பற்றிய கேள்வியையும் கேட்டது. ஆயிரக்கணக்கான வயதானவர்களைத் திரட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருமுறை திரட்டிவிட்டால், அதே ஆட்களிடம் இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அது என்ன சோதனை?

அதன் பெயர் செலக்ட். 2001-இல் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 400-க்கும் மேற்பட்ட மையங்களில் 35,533 ஆண்கள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ, ஒரு பிரிவுக்கு செலினியம் என்ற தாதுச்சத்து, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யார் எதை விழுங்குகிறார்கள் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.

இந்த இரண்டையும் ஏன் எடுத்தார்கள்? அதற்கும் முந்தைய கட்டுரைகள்தான் காரணம். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. வைட்டமின் ஈ நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் அதைத் தொடங்கினார்கள்; தடுக்கவில்லை. ஆனால் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 32 சதவீதம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் லாரி கிளார்க் என்பவர் 1996-இல் வெளியிட்ட செலினியம் ஆய்வும் அப்படித்தான். தோல் புற்றுநோய்க்காகத் தொடங்கியது. அங்கே பலன் இல்லை. புராஸ்டேட் புற்றுநோய் மட்டும் வெகுவாகக் குறைந்தது போலத் தெரிந்தது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும், தேடிப் போனது கிடைக்கவில்லை, வழியில் வேறொன்று கண்ணில் பட்டது. இப்படிக் கிடைப்பது உண்மையாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அதனால்தான் அதையே முதன்மைக் கேள்வியாக வைத்து, பெரிய அளவில் இன்னொரு சோதனை தேவைப்பட்டது.

முடிவு என்ன ஆனது?

2008 அக்டோபரில் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். அதுவரை சேர்ந்த தரவுகளைத் தனிக்குழு ஒன்று எடுத்துப் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை, இனிமேல் தெரியவரும் என்பதற்கான அறிகுறியும் இல்லை. 2009-இல் அது ஜாமா ஆய்விதழில் வெளியானது.

அத்தோடு விடாமல், அந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011-இல் அதே ஆய்விதழில் அடுத்த கட்டுரை வந்தது. வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. எளிதாகச் சொன்னால், ஏழு வருஷத்தில் போலி மாத்திரை எடுத்த 1,000 பேரில் 65 பேருக்கு வந்த நோய், வைட்டமின் ஈ எடுத்த 1,000 பேரில் 76 பேருக்கு வந்தது. தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை!

2014-இல் இன்னொரு கட்டுரை. உடம்பில் ஏற்கெனவே செலினியம் போதுமான அளவு இருந்தவர்கள் மேலும் செலினியம் எடுத்தபோது, வீரியம் கூடிய புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமானது என்று அது சொன்னது. 2008-இலேயே ஆய்வை மூடியிருந்தால் இதெல்லாம் வெளியே வந்திருக்காது. ஒரு ஆய்வுக் குழுவின் பட்டியலில் நான் முதலில் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான்: தங்கள் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு வந்த பிறகும் அதையே பின்தொடர்ந்து எழுதினார்களா?

அல்சைமர் பகுதி எங்கே வருகிறது?

செலக்டில் சேர்ந்தவர்களில் 60 வயதைத் தாண்டிய 7,540 பேரை 2002 முதல் 2009 வரை ஒரு துணை ஆய்வில் சேர்த்தார்கள். ப்ரீஅட்வைஸ் என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு நினைவாற்றல் சோதனைகள் வைத்தார்கள். கேள்வி எளிமையானது: இந்த மாத்திரைகள் மறதி நோயைத் தடுக்குமா?

அப்போது அது நியாயமான கேள்விதான். 1997-இல் 341 அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில், அதிக அளவு வைட்டமின் ஈ நோய் முற்றுவதைச் சற்றுத் தாமதப்படுத்தியதாகத் தெரிந்தது. நோய் வந்தவருக்கே உதவுமென்றால், வருமுன் காக்குமா என்று யாருக்கும் தோன்றும்.

மாத்திரைகளை நிறுத்திய பிறகும் 3,786 பேர் தொடர்ந்து கண்காணிப்பில் இருக்கச் சம்மதித்தார்கள். அப்புறம் தொலைபேசி வழியாகவே சோதனை நடந்தது. 2017-இல் கிரிஸ்சியோவை முதல் பெயராகக் கொண்டு முடிவு வெளியானது. ஆராய்ந்த 7,338 பேரில் 325 பேருக்கு மறதி நோய் வந்திருந்தது. நான்கு பிரிவுகளுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. எந்த மாத்திரையும் தடுக்கவில்லை.

அப்படியானால் பதினைந்து வருஷ உழைப்பு வீண்தானே? இப்படிப்பட்ட கட்டுரையை ஒருவரின் சாதனைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

வீணே இல்லை. "பலன் இல்லை" என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது எத்தனை வீடுகளின் பணத்தையும் நம்பிக்கையையும் காப்பாற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், எல்லாக் கட்டுரையிலும் வெற்றி என்றே எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உடம்பைப் பற்றிய ஆராய்ச்சியில் நினைத்ததெல்லாம் நடப்பதில்லை. நடக்காததையும் ஒருவர் எழுதி வெளியிட்டிருக்கிறார் என்றால், நடந்ததாக அவர் எழுதுவதற்கும் மதிப்புக் கூடுகிறது.

பட்டியலை எங்கே பார்ப்பது? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் இணையதளம் எல்லோருக்கும் இலவசம். பெயரைத் தட்டினால் கட்டுரைகளின் தலைப்பும் சுருக்கமும் கிடைக்கும். பலவற்றின் முழுப் பாடமும் இலவசமாகவே கிடைக்கும். கூகுள் ஸ்காலரும் உண்டு. அது இன்னும் அகலமாக வலை வீசும், ஆனால் குப்பையும் சேர்ந்தே வரும். தொடங்குவதற்குப் பப்மெட்தான் நல்லது. கட்டுரை வேண்டி அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள்.

எங்கள் டாக்டர் பெயரைத் தட்டினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. சில சமயம் ஒன்றுமே வருவதில்லை. ஏன்?

நம்முடைய பெயர் முறைதான் காரணம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். "செ. முருகன்" என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் செல்வம். ஒரு கட்டுரையில் அவர் "முருகன் எஸ்" என்று பதிவாகியிருப்பார். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இனிஷியலை விரித்து எழுதிய இன்னொரு கட்டுரையில், ஆய்விதழ்க்காரர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "செல்வம் எம்" ஆக்கியிருப்பார்கள். அதாவது, மகன் எழுதியது அப்பா பேரில் நிற்கும்! கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண் ஆய்வாளர்களின் பாதிக் கட்டுரைகள் தேடலில் காணாமலே போய்விடும். 2002-க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் பப்மெட்டில் முழுப்பெயரும் இருக்காது, முதலெழுத்து மட்டும்தான்.

இதற்குத் தீர்வாக 2012-இல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் வந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. அது இல்லாதவர்களுக்கு, வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து ஒருவர் எழுதவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. யார் உண்மையில் வேலை செய்தவர்?

மருத்துவத்தில் பொதுவான வழக்கம் இது: முதல் பெயர், அதிகம் உழைத்தவர். கடைசிப் பெயர், ஆய்வகத்தின் தலைவர் அல்லது மொத்தத்துக்கும் பொறுப்பேற்றவர். நடுவில் இருப்பவர்களின் பங்கு பலவிதம். ஒருவர் திசுவை வெட்டிப் பார்த்திருப்பார், ஒருவர் கணக்குப் போட்டிருப்பார், ஒருவர் நோயாளிகளைச் சேர்த்துத் தந்திருப்பார். பல ஆய்விதழ்களில் கட்டுரையின் கடைசியில் யார் என்ன செய்தார் என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் படியுங்கள். நடுப் பெயராகவே இருப்பதும் குறைவு இல்லை. பெரிய சோதனைகள் நடுவில் இருப்பவர்களால்தான் ஓடுகின்றன.

300 கட்டுரை, எச்-இண்டெக்ஸ் 60 என்கிறார்கள். பெரிய ஆளா?

எச்-இண்டெக்ஸ் என்பது ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு. 60 என்றால், அவருடைய 60 கட்டுரைகள் ஒவ்வொன்றையும் குறைந்தது 60 கட்டுரைகளில் சுட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை பேர் கவனித்தார்கள் என்பதற்கு அது ஒரு அளவு. சரியாகச் சொன்னாரா என்பதற்கு அளவு இல்லை. மறுப்பதற்காகச் சுட்டினாலும் எண் ஏறும். வயது ஆக ஆக அதுவும் ஏறிக்கொண்டேதான் போகும்.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். அது அல்சைமரைக் கொண்டுவரும் என்று ஒரு ஆய்வு சொல்கிறதாமே?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கேட்கும்போதே குரல் நடுங்கும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்த ஊசி ஏன்? 1941-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆண் ஹார்மோனைக் குறைத்தால், பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோயும் சுருங்குகிறது என்று அதில் காட்டினார்கள். 25 வருஷம் கழித்து, 1966-இல், ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஊசிகள் வேறு மருந்துகள் என்றாலும் அடிப்படை அதே கட்டுரைதான். இந்தச் சிகிச்சையால் வலி குறைந்து, ஆயுள் நீண்டவர்கள் ஏராளம்.

இப்போது அல்சைமர். 2015 கடைசியில் கெவின் நீட் என்பவரின் குழு, மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து 16,888 புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. ஹார்மோன் சிகிச்சை பெற்ற 2,397 பேரிடம் அல்சைமர் வாய்ப்பு 88 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. 2017-இல் பிரிட்டன் பதிவேடுகளிலிருந்து 30,903 பேரைக் கனடா ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். தொடர்பே தெரியவில்லை. 2019-இல் ரவிசங்கர் ஜெயதேவப்பாவின் குழு 154,089 அமெரிக்கர்களை எடுத்துப் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 9.4 சதவீதம் பேருக்கும் அல்சைமர் வந்திருந்தது, அதாவது ஏறக்குறைய 39 சதவீதம் கூடுதல். ஆனால் வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு அந்த வித்தியாசம் 14 சதவீதக் கூடுதல் வாய்ப்பாகச் சுருங்கியது.

ஏன் மூன்றும் மூன்று விதம்? இவை எதிலும் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரிக்கவில்லை. யாருக்கு ஊசி போடுவது என்று முடிவு செய்தது டாக்டர். வயதானவர்களுக்கும், நோய் முற்றியவர்களுக்கும்தான் அதை அதிகம் போடுவார்கள். வயதானவர்களுக்கு மறதியும் அதிகம். எது எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் பீட்டா அமிலாய்ட் என்ற புரதம் ரத்தத்தில் கூடுவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டியதால், சந்தேகத்துக்கு இடமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது.

ஆகவே ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்றுநோய் காத்திருக்காது. அப்பாவுக்கு மறதி தெரிகிறது என்றால், எப்போதிலிருந்து, என்னென்ன மறக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி எவ்வளவு காலம் தேவை, இடைவெளி விட்டுப் போடலாமா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரே நாளில் இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகச் சொன்னால் யாரை நம்புவது?

அப்படி நடந்தே இருக்கிறது. 2009 மார்ச்சில் ஒரே ஆய்விதழில், புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி இரண்டு மாபெரும் சோதனைகள் வந்தன. 76,693 பேரைக் கொண்ட அமெரிக்கச் சோதனை, பரிசோதனையால் சாவு குறையவில்லை என்றது. ஐரோப்பியச் சோதனை 20 சதவீதம் குறைந்தது என்றது. உள்ளே போய்ப் படித்தால் ஒரு முக்கியக் காரணம் புரியும். அமெரிக்காவில், பரிசோதனை செய்யாத பிரிவில் இருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் தாங்களாகவே வெளியே போய் அதைச் செய்துகொண்டார்கள். அப்புறம் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? ஐரோப்பியக் கணக்கிலும் ஒரு விலை இருந்தது: ஒரு சாவைத் தடுக்க 1,410 பேரைப் பரிசோதித்து, 48 பேருக்குக் கூடுதலாகச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருந்தது. "யாரை நம்புவது" என்று கேட்பதைவிட "யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொய்யாக எழுதிய கட்டுரைகளும் இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இருக்கும். அல்சைமர் துறையே ஒரு பெரிய அடியை வாங்கியிருக்கிறது. 2006-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சில்வேன் லெஸ்னேயும் கேரன் ஆஷும் மற்றவர்களும் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பீட்டா அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றார்கள். 2,000 தடவைக்கு மேல் மற்றவர்கள் அதைச் சுட்டினார்கள். 2022-இல், மேத்யூ ஷ்ராக் என்ற நரம்பியல் ஆய்வாளர் அதிலிருந்த படங்கள் மாற்றப்பட்டது போலத் தெரிகிறது என்று எழுப்பிய சந்தேகங்கள் சயன்ஸ் ஆய்விதழில் வெளிவந்தன. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. லெஸ்னே தவிர மற்ற எல்லா ஆசிரியர்களும் அதற்குச் சம்மதித்தார்கள். சந்தேகம் வெளியே வரவே 16 வருஷம், திரும்பப் பெற இன்னும் இரண்டு வருஷம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனைதான். அந்தக் காலத்தில் எத்தனை இளம் ஆய்வாளர்கள் அந்த வழியே போயிருப்பார்கள்!

அதற்காக அமிலாய்ட் பற்றிய எல்லாமே பொய் என்று சிலர் பேசுகிறார்கள், அது சரியல்ல. அமிலாய்ட்தான் அல்சைமருக்குக் காரணம் என்ற கருத்துக்கு 1991-இல் கண்டறிந்த மரபணு மாற்றம் போன்ற வேறு தூண்கள் உண்டு. அமிலாய்டை நீக்கும் லெகனிமாப் மருந்து, 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. சிறிய பலன்தான், மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. ஆனால் பொய் இல்லை.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்குப் பப்மெட்டில் தலைப்புக்கு மேலேயே எச்சரிக்கை இருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தரவுத்தளத்தில் ஆய்வாளரின் பெயரைப் போட்டும் தேடலாம். ஒன்று திரும்பப் பெற்றிருந்தால் உடனே ஆளைக் குற்றவாளியாக்கி விடாதீர்கள். தன் கணக்கில் தப்பு நேர்ந்ததைத் தானே கண்டு, தானே அறிவித்துத் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். காரணம் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும்.

காசு கொடுத்தால் எதையும் போடும் ஆய்விதழ்கள் உண்டாமே?

உண்டு. அனுப்பிய இரண்டு மூன்று நாளில் "ஏற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்தால், அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடியில் சிலர் அங்கே போய்ச் சிக்குகிறார்கள். ஆனால் பணம் வாங்குவதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடவும் கூடாது. இலவசமாகப் படிக்கத் தரும் நல்ல ஆய்விதழ்கள் பலவும் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன.

நிறைய எழுதிய டாக்டரிடம் போனால் சிகிச்சை நன்றாக இருக்குமா?

இரண்டும் வேறு வேறு திறமை. ஒரு கட்டுரைகூட எழுதாத அருமையான அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். ஒரு கட்டுரையில் எதை மட்டும் பார்த்தால் போதும்?

நான்கு விஷயம். சோதித்தது மனிதரிலா, எலியிலா, கண்ணாடிக் குடுவையிலா? எத்தனை பேர்? குலுக்கிப் பிரித்தார்களா, பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்களா? முதன்மைக் கேள்வி என்று தொடங்குமுன் எதை அறிவித்தார்கள், அதற்கு விடை சொன்னார்களா? கடைசியாகச் சொன்னதைச் சரிபார்க்க, சோதனைகளின் பதிவேடுகள் இருக்கின்றன. இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன்னே பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி நடுவில் மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. அப்பா "ஞாபகசக்திக்கு நல்லது" என்று தினமும் வைட்டமின் ஈ 400 மாத்திரை போட்டுக்கொள்கிறார். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். தொடரலாமா?

செலக்டில் தினமும் கொடுத்ததும் அதே 400 அளவுதான். மறதியைத் தடுக்கவில்லை, ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயைக் கூட்டியது. வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டி அவரிடமே கேளுங்கள். யாரும் எழுதித் தராமல், அவராக வாங்கிப் போடுகிறார் என்றால், இன்று ராத்திரியே அப்பாவோடு உட்கார்ந்து அந்த 65-ஐயும் 76-ஐயும் சொல்லுங்கள்.